பல்லு பிடுங்கினதுக்கு அஞ்சு நாள் தாய்ப்பால் நிறுத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோபிப்பொண்ணு:
பாப்பாக்கு நாலு மாசம் ஆகுதுங்க, தாய்ப்பால் மட்டும் தான். எனக்கு கடைசி கடவாப்பல்லு சொத்தையாகி தாடை வீங்கி வாயே திறக்க முடியல, நேத்து சாயங்காலம் போய் பிடுங்கிட்டு வந்தேன். டாக்டர் சீட்டு எழுதி முடிச்சு கையில குடுக்கறப்ப தான் ஃபீட் பண்றீங்களான்னு கேட்டாரு, ஆமாங்கன்னேன், அப்ப மாத்திரை முடியற வரைக்கும் அஞ்சு நாள் குடுக்காதீங்க, பவுடர் பால் குடுங்கன்னுட்டு அடுத்த ஆள கூப்பிட்டுட்டாரு. ராத்திரி பூரா பாப்பா அழுதுட்டே இருந்தா, பாலாடைல ஊத்துனா நாக்கால தள்ளித் துப்புறா. எனக்கு மார் ரெண்டும் கல்லு மாதிரி ஆகி கைய தூக்க முடியல. அத்தை மல்லிகைப்பூவ வச்சு கட்டிக்க, வலி வாங்கிரும்ங்கறாங்க.

சீட்டுல இருக்கறது: ஆன்டிபயாடிக் ரெண்டு, அமாக்சிசிலின் கிளாவுலனேட் 625, மெட்ரோனிடசோல் 400 மூணு வேளை, வலிக்கு பாராசிட்டமாலும் அசிக்ளோஃபெனாக்கும் சேந்தது ஒண்ணு, அப்புறம் வயித்துக்கு பேன்டோப்ரசோல். பயந்துட்டு இன்னும் ஒண்ணுமே போடல.

ரெண்டு வாண்டு அம்மா:
ஐயோ பூவ மட்டும் கட்டிடாதீங்க!! அது வலிக்கு இல்ல, பால வத்த வைக்கறதுக்கு கட்டறது. பாட்டி காலத்து நம்பிக்கைன்னு நினைக்க வேணாம், வேலூர் சிஎம்சில 80கள்லயே பால் நிறுத்தற மாத்திரையோட ஒப்பிட்டு பாத்து பூவும் வேலை செய்யுதுன்னு எழுதியிருக்காங்க. மொதல்ல வெந்நித்துணிய கொஞ்ச நேரம் வச்சுட்டு கையாலயே பீச்சி எடுங்க, இல்லன்னா பால் கட்டி காய்ச்சல் வந்துரும், அப்புறம் அதுக்கு தனியா ஒரு ஆன்டிபயாடிக் சாப்பிடணும். எனக்கு பெரியவனுக்கு இப்படித்தான் ஆச்சு, ஒரு டாக்டர் நிறுத்துன்னாரு நானும் நிறுத்துனேன், நாலாம் நாள் அவன் மார்பை வாயில வாங்கவே மாட்டேன்னுட்டான்.

மாத்திரைக்கடை அண்ணன்:
தங்கச்சி, நான் 14 வருஷமா மெடிக்கல்ல இருக்கேன், டாக்டர் இல்ல, அதனால குழந்தைய பாக்கற டாக்டருக்கு இப்பவே ஒரு போன் போட்டு இந்த லிஸ்ட்ட படிச்சுக் காட்டுங்க. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். அமாக்சிசிலின் பச்ச உடம்புக்காரங்களுக்கு தினமும் போறது தான், பாப்பாக்கு லேசா வயிறு எளகலாம், வாய்க்குள்ள வெள்ளையா படியுதான்னு பாத்துக்கணும், அவ்ளோ தான். மெட்ரோனிடசோல் மத்ததை விட பால்ல கொஞ்சம் கூடுதலா கலக்கும், பால் ருசி லேசா கசக்கும், சில குழந்தை மூஞ்ச சுளிக்கும். 12 மணி நேரம் 24 மணி நேரம் குடுக்காதேன்னு எங்கயாவது படிச்சிருப்பீங்க, அது 2 கிராமை ஒரே வேளைல முழுங்கறவங்களுக்கு சொன்னது, 400 மூணு வேளைக்கு பொதுவா நிறுத்தச் சொல்றதில்ல. வலி மாத்திரை தான் மாத்திக் கேக்கலாம், அசிக்ளோஃபெனாக் பத்தி பால் குடுக்கறவங்ககிட்ட பாத்த விவரம் கம்மி, பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நல்லா பாத்துத் தெரிஞ்சது. பேன்டோப்ரசோல் பால்ல வர்றது ரொம்ப சொற்பம். மரத்துப்போற ஊசியும் பிரச்சனை இல்ல.

அமெரிக்க அரசோட லாக்ட்மெட்னு ஒரு வெப்சைட் இருக்கு, இலவசம், மருந்து பேரப் போட்டா பால்ல எவ்ளோ வருதுன்னு வரும். ஆனா நம்ம ஊரு கம்பெனி பேரப் போட்டா தேடாது, அட்டைக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கற மருந்துப் பேரு வேணும். அதுலயும் அஞ்சு மாத்திரை வெட்டிக் குடுத்தா பேரு பாதி போயிருது, எங்க மேல தான் தப்பு, வாங்கறப்பவே முழு அட்டைய ஒரு போட்டோ எடுத்துக்கங்க.

கதிர் சேலம்:
எதுக்கு ரிஸ்க், டாக்டர் சொன்னா கேக்க வேண்டியது தான, அஞ்சு நாள்ல என்ன ஆயிரப்போகுது

ரெண்டு வாண்டு அம்மா:
@கதிர் நீங்க ஒரு ராத்திரி கல்லு கட்டின மாரோட படுத்துப் பாருங்க தம்பி 😤 மாத்திரை போடாம இருக்கறதும் தப்பு தான், தாடை வீங்கியிருக்குல்ல.

வார்டு சிஸ்டர்:
கதிர் ரிஸ்க்குன்னு சொல்றதுல ஒண்ணு மட்டும் சரி, எல்லா மருந்தும் ஒண்ணு இல்ல. பல்லு வலிக்கு ட்ரமடால் சேந்த மாத்திரை எழுதறாங்க, இருமலுக்கு கோடீன் சிரப், ரெண்டும் ஃபீடிங்ல வேணாம்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே எச்சரிக்கை விட்டுச்சு. கோடீன் நம்ம ஈரல்ல போய் தான் மார்ஃபினா மாறும், சில பேருக்கு அது கடகடன்னு மாறிடும், அவங்க பால்ல மார்ஃபின் ஏறிப்போயி குழந்தை பால் குடிக்கக்கூட எந்திரிக்காம தூங்கிட்டே கெடக்கும், மூச்சு மந்தமாகும். பச்சக்குழந்தைக்கும் குறைமாசத்துல பொறந்ததுக்கும் பயம் இன்னும் ஜாஸ்தி, ஈரலும் கிட்னியும் முழுசா வேலை செய்யாது. உங்க சீட்டுல அது ரெண்டும் இல்ல. இன்னொண்ணு, சளி புடிச்சா மூக்கடைப்பு மாத்திரைய கேக்காம வாங்காதீங்க, சூடோஎஃபெட்ரின் 60 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை போட்டதுக்கே அன்னிக்கு பால் கால்வாசி கொறஞ்சதா பாத்திருக்காங்க.

வலி மாத்திரைய பாப்பா குடிச்சு முடிச்ச உடனே போட்டுக்கங்க, அடுத்த வேளைக்குள்ள ரத்தத்துல அதோட அளவு கொறஞ்சிரும்.

கோபிப்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றிங்க. குழந்தை டாக்டர் ஒன்பது மணிக்கு தான் போன எடுத்தாரு. பாப்பா எடை கேட்டாரு, மாசம் நெறஞ்சு பொறந்ததான்னு கேட்டாரு, ரெண்டு ஆன்டிபயாடிக்கும் போட்டுட்டு தாராளமா குடு, அசிக்ளோஃபெனாக் வேணாம் ஐபுப்ரோஃபென் வாங்கிக்கன்னாரு, பல்லு டாக்டர்கிட்ட அவரே பேசறாராம். கொஞ்சம் பீச்சிட்டு வாயில வச்சேன், மூச்சு விடாம குடிச்சா, மொதல்ல பீச்சினதுல நைட்டி பூரா நனைஞ்சு போச்சு. அத்தை பூவ எடுத்து அவங்க தலையில வச்சுக்கிட்டாங்க.

@மாத்திரைக்கடை அண்ணன், ஐபுப்ரோஃபென் வெறும் வயித்துல போடலாங்களா? வாய் திறக்க முடியாம கஞ்சி தான் குடிக்கறேன்.

மாத்திரைக்கடை அண்ணன்:
கஞ்சி குடிச்சுட்டே போடுங்க, ரொம்ப சூடா குடிச்சிராதீங்க, ஸ்ட்ரா வச்சும் உறிஞ்சக்கூடாது, பல்லு எடுத்த குழில கட்டியிருக்கற ரத்தம் பேந்துக்கும்.