மாநிலங்களவைக்குக் கொறடா எதற்கு?

வைகைக்கரை:
மாநிலங்களவை என்று பெயர். ஆனால் உறுப்பினர் தன்னைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும் என்ற விதியை 2003-இல் நீக்கிவிட்டார்கள்; 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. மன்மோகன் சிங் 2019 ஜூன் வரை அசாம் உறுப்பினர், ஆகஸ்டில் ராஜஸ்தான் உறுப்பினர். தகுதியில் குறைசொல்ல முடியாதவர்தான். ஆனால் அவர் எந்த மாநிலத்தின் குரல்? சீட்டு கொடுத்த கட்சியின் குரல் மட்டுமே, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடும் கொறடாவின் குரல் மட்டுமே, அங்கே ஒலிக்கிறது.

நீர்முள்ளி:
ஐயா, பிறந்த ஊரைப் பார்த்தா பொறுப்பை அளப்பது? மக்களவையின் அவசரத்தைத் தடுத்து நிறுத்துவதுதான் அந்த உறுப்பினரின் முதல் வேலை. 1970-இல் முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தை ஒழிக்கும் மசோதா அங்கே மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. ஒரு வாக்குக்கும் குறைவான வித்தியாசம்! 1989-இல் பஞ்சாயத்து ராஜ் மசோதாவும் அங்கேதான் வீழ்ந்தது. திருத்தி எழுதப்பட்டு 1992-இல் நிறைவேறியது.

வைகைக்கரை:
1989-இல் தடுத்தது கட்சிகளின் எண்ணிக்கை. உறுப்பினரின் மனசாட்சி அல்ல. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். தடுக்கும் அதிகாரத்தையும் சுற்றிக்கொண்டு போகிறார்கள். 2016-இல் ஆதார் மசோதாவைப் பண மசோதா என்று அனுப்பினார்கள்; பண மசோதாவுக்கு மாநிலங்களவை திருத்தம் சொல்லலாம், தடுக்க முடியாது. மாநிலங்களவை சொன்ன திருத்தங்கள் அத்தனையையும் மக்களவை அன்றே நிராகரித்தது. என் கேள்வி இதுதான்: மாநிலங்களவையால் அரசைக் கவிழ்க்க முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் அங்கே கிடையாது. ஆட்சிக்கு ஆபத்தே இல்லாத அவையில் உறுப்பினரின் வாயை ஏன் கட்ட வேண்டும்?

கரிசல்காடு:
கட்டாதபோது என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா, அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவாக முன்வைத்த திருநர் உரிமைகள் மசோதாவை 2015 ஏப்ரல் 24-இல் மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. 2019-இல் வந்த சட்டம் அரசின் சொந்த மசோதா. இருந்தாலும், ஒரு தனி உறுப்பினர் நாட்டின் கவனத்தைத் திருப்பினார். மாநிலங்களே சட்டமியற்றும் மாநிலப் பட்டியலில் உள்ள ஒன்றைப் பற்றி நாடாளுமன்றம் சட்டமியற்ற, அரசமைப்பின் 249-ஆம் பிரிவின்படி அனுமதி தருவதும் இந்த அவை மட்டுமே. அந்த வாக்கெடுப்பையாவது கொறடாவிடமிருந்து விடுவிக்க வேண்டும்.

நீர்முள்ளி:
அதை ஏற்கிறேன். ஆனால் முழுவதும் நீக்கினால் விலைபேசத் தொடங்குவார்கள். மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் விலைபோவதைத் தடுக்கத்தானே 2003-இல் வெளிப்படை வாக்கு முறையைக் கொண்டுவந்தார்கள்? அந்தப் பேரம் டெல்லிக்கு வரும்.

வைகைக்கரை:
விலைபோகிறவரைத் தண்டிக்க ஊழல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அவருக்காக மற்றவர்களையும் ஊமையாக்க வேண்டாம். மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுக்களில் கொறடா உத்தரவு இல்லை. அங்கே வெவ்வேறு கட்சியினர் சேர்ந்து ஒரே அறிக்கை எழுதுகிறார்கள். குழு அறையில் முடிவது அவையில் மட்டும் ஏன் முடியாது?