மூக்கடைப்பு வந்தால் ருசியும் போய்விடுமா?

கேள்வி (கடலூர் முதுநகர்): அம்மாவுக்குச் சளி பிடித்து மூக்கு கட்டிக்கொண்டிருக்கிறது. துறைமுகப் பக்கம் வீடு, தெருவெல்லாம் கருவாட்டு வாசம், அவருக்கு எதுவுமே தெரியவில்லை. மீன் குழம்பில் புளிப்பு, உப்பு, காரம் தெரிகிறதாம், மீன் ருசி மட்டும் இல்லையாம். நாக்கில் ஏதாவது கோளாறா?

பதில் 1: நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வாசனை உணரும் நரம்புச் செல்கள் மூக்குக்குள் உச்சியில், கிட்டத்தட்ட கண்களுக்கு நடுவே இருக்கின்றன, காற்று அங்கே ஏறினால்தான் மணம் தெரியும், சளியும் வீக்கமும் அந்தக் குறுகலான வழியை அடைத்துவிடுகின்றன. மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் மேலேறும் மணம்தான் நாம் சொல்லும் மீன் ருசி. அதுவும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பதில் 2 (புதுச்சேரி): சரி, ஆனால் அடைப்பு விட்ட பிறகும் வாசனை திரும்பாவிட்டால் வைரஸ் அந்த இடத்தையே பாதித்திருக்கலாம். சில வாரம் பார்த்துவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், மூக்கில் சதை வளர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் போடாதீர்கள், அடைப்பு கூடும். அப்புறம், சமையல் கேஸ் கசிந்தால் தெரிய மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள், அந்த நாற்றமும் அம்மாவுக்கு எட்டாது. ராத்திரி ரெகுலேட்டரை நீங்களே மூடிவிடுங்கள்.