ஹார்ட் டிஸ்க் இல்லாத பழைய கணினிகளை நெட்வொர்க் வழியாக எழுப்பிய அனுபவங்கள்

மதுரைப் பக்கம், பள்ளிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் 18 கணினிகள் இருக்கின்றன. அவற்றில் 14 கோர் 2 டுவோ வகை. மற்ற நான்கும் அதற்கு முந்தைய பென்டியம் 4. கோடை விடுமுறை முடிந்து திறந்து பார்த்தபோது ஏழு கணினிகளின் ஹார்ட் டிஸ்க் செத்துப் போயிருந்தது. புதிதாக வாங்கப் பணம் இல்லை. ஆனால் மதர்போர்டு, ரேம், நெட்வொர்க் கார்டு எல்லாம் நன்றாக இருந்த கணினிகளை ஒரு பாகம் போனதற்காக எடைக்குப் போட மனம் வரவில்லை. ஆகவே ஓரளவு புதிய கணினி ஒன்றைச் சர்வராக்கி, மற்றவை அனைத்தையும் அதிலிருந்தே நெட்வொர்க் வழியாகத் தொடங்க வைப்பது என்று முடிவு செய்தேன்.

இதற்கான வழிமுறை புதியது அன்று. பி.எக்ஸ்.இ. எனப்படும் இந்த ஏற்பாட்டின் 2.1 பதிப்பை இன்டெல் நிறுவனம் 1999-இல் வெளியிட்டது. அதன் பிறகு வந்த மதர்போர்டுகளில் நெட்வொர்க் கார்டு உள்ளடங்கியதாக இருந்தால், மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலான பயாஸில் பெரும்பாலும் இந்த வசதியும் சேர்ந்தே இருக்கும். கணினியைப் போட்டவுடன் கார்டில் உள்ள சிறு நிரல், தனக்கு ஓர் ஐ.பி. முகவரியும் எந்தக் கோப்பை எடுத்துத் தொடங்க வேண்டும் என்ற தகவலும் வேண்டுமென்று, முகவரிகளை வழங்கும் முறையான டி.எச்.சி.பி. வழியாக நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி குரல் கொடுக்கிறது. பதில் கிடைத்ததும், கோப்புகளை அனுப்பும் எளிய முறையான டி.எஃப்.டி.பி. வழியாக அந்தக் கோப்பை இறக்கி ஓட்டுகிறது. அதற்கு மேல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வந்து, சர்வரில் உள்ள இயங்குதளத்தின் முழுப் பிரதியான பிம்பத்தை எடுத்துக்கொள்கிறது. 1999-இல் தொடங்கிய எல்.டி.எஸ்.பி. திட்டம் இந்தப் பின்பகுதி வேலைகள் அனைத்தையும் ஒழுங்காகக் கட்டித் தருகிறது. மாணவர்களின் கோப்புகள் சர்வரிலேயே இருப்பதால், எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் அவர்களுடைய வேலை அவர்கள் கண்முன் வந்து நிற்கும்.

முதல் வாரம் எல்லாம் சரியாக நடந்தது. இரண்டாவது வாரம் திங்கட்கிழமை காலை முதல் வரிசைக் கணினிகள் எழுந்தன, மூன்றாவது வரிசையில் ஐந்து கணினிகளில் "பி.எக்ஸ்.இ.-இ53" என்ற பிழை வந்து நின்றது. தொடங்குவதற்கான கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். கேபிளை மாற்றினேன், சுவிட்சில் வேறு போர்ட்டில் செருகினேன், பயாஸை ஆதி நிலைக்குக் கொண்டுவந்தேன். ஒரு கணினி மூன்றாவது முறை எழுந்தது. அதே கணினி மதியம் மறுபடியும் இ53 காட்டியது. இரண்டு நாட்கள் இப்படியே போயின.

இந்த இடத்தில் பிழைச் செய்தியை நிதானமாகப் படித்திருந்தால் அந்த இரண்டு நாட்கள் மிஞ்சியிருக்கும். கேபிளில் கோளாறு என்றால் இ61 வந்திருக்கும். எந்தச் சர்வரும் பதில் சொல்லவில்லை என்றால் இ51 வந்திருக்கும். இ53 என்றால் யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் கோப்பின் பெயரைச் சொல்லவில்லை. அந்த "யாரோ" எங்கள் சர்வராக இருக்க முடியாது என்பது புரிந்தவுடன், நெட்வொர்க்கில் போகும் தரவைக் காட்டும் டி.சி.பி.டம்ப் நிரலைச் சர்வரில் ஓட்டி, டி.எச்.சி.பி. பயன்படுத்தும் 67, 68 ஆகிய போர்ட் எண்களைக் கவனித்தேன். கணினி கேட்ட ஒரு கேள்விக்கு இரண்டு பதில்கள் வந்தன. 192.168.1.1 என்ற முகவரியிலிருந்து உடனே ஒன்று. எங்கள் சர்வரிலிருந்து ஏறத்தாழ மூன்று விநாடி கழித்து மற்றொன்று. முந்தி வந்ததையே அந்த ஐந்து கணினிகளும் ஏற்றுக்கொண்டன.

அலுவலக அறைக்குப் புதிதாக வந்த பிராட்பேண்ட் ரவுட்டரை, பிரிண்டரைப் பொதுவாகப் பயன்படுத்துவதற்காக யாரோ எங்கள் சுவிட்சோடு இணைத்துவிட்டிருந்தார்கள். எங்கள் சர்வர் தாமதித்ததற்கும் காரணம் இருந்தது. அதில் டி.எச்.சி.பி. வேலையைச் செய்யும் டி.என்.எஸ்.மாஸ்க் நிரல், புதிதாக ஒரு முகவரியைக் கொடுக்கும் முன் அதை வேறு எவரேனும் பயன்படுத்துகிறார்களா என்று பிங் செய்து பார்த்துவிட்டுத்தான் கொடுக்கும். ஏற்கெனவே முகவரி பெற்று, அதன் கெடு முடியாதிருந்த கணினிகளுக்கு இந்தத் தாமதம் இல்லை. முதல் வரிசை எழுந்ததும் மூன்றாம் வரிசை எழாததும் இதனால்தான்.

ரவுட்டரின் டி.எச்.சி.பி.யை அணைத்துவிட்டால் அலுவலகக் கணினிகள் திண்டாடும். எனவே முகவரி கொடுக்கும் வேலையை ரவுட்டரிடமே விட்டுவிட்டு, எங்கள் சர்வர் தொடக்கத் தகவலை மட்டும் கொடுக்கும்படி டி.என்.எஸ்.மாஸ்க்கை ப்ராக்ஸி முறைக்கு மாற்றினேன். எல்.டி.எஸ்.பி.யின் புதிய பதிப்பு இந்த முறையைத்தான் இயல்பாக அமைக்கிறது. பழைய பழக்கத்தில் நான் அமைப்புக் கோப்பைக் கையால் எழுதியிருந்தேன். அன்று மாலையே 18 கணினிகளும் ஒன்றாக எழுந்தன.

கோவை, பொறியியல் கல்லூரி ஆய்வக உதவியாளர்:

மதுரை நண்பர் இ51 பற்றிக் குறிப்பிட்டதால் எங்கள் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது நேர்மாறான சிக்கல். சர்வர் சரியாக இருக்கிறது, நெட்வொர்க்கில் வேறு ரவுட்டரும் இல்லை, ஆனாலும் பழைய கணினிகள் எல்லாம் எவரும் பதில் தரவில்லை என்று இ51 காட்டின. சர்வரின் பதிவேட்டைப் பார்த்தால் கணினி கேட்டதற்கான தடயமே இல்லை.

காரணம் சுவிட்சில் இருந்தது. பழைய சாதாரண சுவிட்சை எடுத்துவிட்டு நிர்வகிக்கக்கூடிய உயர்தரச் சுவிட்சை வைத்திருந்தார்கள். அதில் ஸ்பேனிங் ட்ரீ இயங்கிக்கொண்டிருந்தது. ஒரு போர்ட்டில் இணைப்பு புதிதாக ஏற்பட்டால், கேபிள்கள் எங்கேனும் வளையமாகிவிட்டனவா என்று பார்ப்பதற்காக அந்தச் சுவிட்ச் 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, ஆக 30 விநாடி கழித்தே தரவை உள்ளே விடும். கணினி தொடங்கும்போது நெட்வொர்க் கார்டு தன்னை மீட்டமைத்துக்கொள்வதால் இணைப்பு ஒரு கணம் அறுந்து மீண்டும் வருகிறது. அந்த 30 விநாடி அப்போதுதான் தொடங்குகிறது. பி.எக்ஸ்.இ. விதிப்படி கார்டு 4, 8, 16, 32 விநாடி என்று நான்கு முறை காத்திருக்க வேண்டும். எங்கள் பழைய கார்டுகள் அவ்வளவு நேரம் பொறுக்கவில்லை.

கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு சுவிட்சின் முன் நின்று பார்த்தேன். போர்ட்டின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போதே திரையில் இ51 வந்துவிட்டது. அதற்குச் சில விநாடி கழித்து விளக்கு பச்சையானது. உறுதி செய்துகொள்வதற்காக, ஐந்து போர்ட் உள்ள சாதாரணச் சிறு சுவிட்ச் ஒன்றை இடையில் செருகினேன். பெரிய சுவிட்சைப் பொறுத்தவரை இணைப்பு அறுவதே இல்லை என்பதால், கணினி உடனே எழுந்தது. பிறகு நெட்வொர்க் பொறுப்பாளரிடம் சொல்லி, கணினிகள் இணையும் போர்ட்டுகளுக்கு மட்டும், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் வசதியை இயக்கினோம். சுவிட்சையும் சுவிட்சையும் இணைக்கும் போர்ட்டில் அதைச் செய்துவிடாதீர்கள்; தவறுதலாக வளையம் உண்டானால் நெட்வொர்க் முழுவதும் முடங்கும்.

சென்னை, கணினிப் பழுதுபார்ப்பவர்:

மேலே இருவர் சொன்னதும் நெட்வொர்க்கில் இருந்த பிழைகள். நெட்வொர்க் பிழை போலவே தோன்றி, கடைசியில் மதர்போர்டில் முடிந்த ஒன்றை நான் சொல்கிறேன். ஒரு பயிற்சி மையத்திலிருந்து பென்டியம் 4 கணினி ஒன்று வந்தது. நெட்வொர்க்கில் தொடங்கும், கெர்னல் இறங்கும், பிறகு உறைந்துவிடும். அவர்கள் கேபிள், கார்டு, சர்வர் பிம்பம் அனைத்தையும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். நான் ஆறு முறை தொடங்கிப் பார்த்தேன்; ஆறு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றது. ஒரே வரியில் நின்றால் கோப்பைச் சந்தேகிப்பேன். இடம் மாறி மாறி நின்றால் என் சந்தேகம் ரேமின் மீதும் மின்சாரத்தின் மீதும்தான் போகும்.

ரேமை எடுத்து அதன் தங்கநிறத் தொடுமுனைகளை ரப்பரால் துடைத்துச் செருகினேன், மாற்றமில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலையும் நெட்வொர்க் வழியாகவே ஓட்டலாம். நெட்வொர்க் வழியாக இறங்கும் தொடக்க நிரலான பி.எக்ஸ்.இ.லினக்ஸில் அதை வைக்கும்போது கோப்பின் பெயரில் உள்ள ".பின்" என்ற வாலை நீக்கிவிட வேண்டும், நீக்காவிட்டால் அது வேறு வகைக் கோப்பென்று எண்ணிக்கொண்டு ஓட மறுக்கும். சோதனையில் பிழைகள் வந்தன, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு முகவரியில். நல்ல ரேமைப் போட்டபோதும் அப்படியே.

அதற்குப் பிறகுதான் டார்ச் அடித்து பிராசசரின் ஓரத்தைக் கூர்ந்து பார்த்தேன். அங்கே வரிசையாக நிற்கும் எட்டு கபாசிட்டர்களில் ஆறின் தலை தட்டையாக இல்லாமல் இட்லி போல உப்பியிருந்தது. ஒன்றின் தலையில் உள்ள கீறல் திறந்து, பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்து கிடந்தது. 1999 முதல் 2007 வரை வந்த பலகைகள் பலவற்றில் இந்த நோய் உண்டு. எலக்ட்ரோலைட் கெட்டுவிட்ட கபாசிட்டர்கள் அந்தக் காலத்தில் ஏராளமாகப் புழங்கின. பிராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தை நிலைப்படுத்துவது இவற்றின் வேலை என்பதால், இவை தளர்ந்தால் சுமை ஏறும் நேரத்தில்தான் கணினி தடுமாறும்.

ரிச்சி தெருவில் 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட், 105 டிகிரி தாங்கும், உள் மின்தடை குறைந்த லோ ஈ.எஸ்.ஆர். வகையைக் கேட்டு வாங்கினேன். சாதாரண வகையைப் போட்டால் சில மாதத்தில் திரும்பி வரும். கழற்றும்போது எர்த் பக்கத்துக் கால் எளிதில் வராது. பலகைக்குள் இருக்கும் செம்புத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். 25 வாட் சால்டரிங் அயர்னோடு மல்லுக்கட்டாமல், 60 வாட் அயர்னை எடுத்து, பழைய ஈயத்தின் மேல் சிறிது புது ஈயத்தை வைத்து உருக்கினால் கால் தானாக இளகி வரும். மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்பதைக் கழற்றும் முன்பே படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினி இன்றும் ஓடுகிறது.

திருநெல்வேலி, தட்டச்சுப் பயிலகம் நடத்துபவர்:

எங்களுடையது சிறிய செய்தி. இரவில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். சில கணினிகள் ஒவ்வொரு நாள் காலையும் நெட்வொர்க்கில் தொடங்க வேண்டும் என்பதையே மறந்து, இல்லாத ஹார்ட் டிஸ்கைத் தேடிக்கொண்டு நின்றன. மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பேட்டரியை மீட்டரில் பார்த்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டியது 2.4 காட்டியது. மெயின் இருக்கும்போது கடிகாரத்துக்கும் பயாஸ் அமைப்புகளின் நினைவகத்துக்கும் மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்தே மின்சாரம் கிடைக்கும்; அணைத்துவிட்டால் முழுப் பாரமும் பேட்டரியின் மேல் விழும். எல்லாவற்றிலும் புதிய பேட்டரி போட்டு, தொடங்கும் வரிசையில் நெட்வொர்க்கை முதலில் வைத்ததோடு தொல்லை தீர்ந்தது.

மதுரைப் பக்கம், பள்ளிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்:

சென்னை நண்பரின் பதிவைப் படித்த கையோடு எங்கள் நான்கு பென்டியம் 4 கணினிகளையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் மூன்று கபாசிட்டர்கள் உப்பியிருக்கின்றன. அது வாரத்துக்கு ஒருமுறை காரணமில்லாமல் உறைவதை நான் நெட்வொர்க்கின் மீதே சுமத்திக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மாற்றிவிடுகிறேன்.

எனக்கு ஒரு கேள்வி மீதமிருக்கிறது. இந்த நான்கும் 32-பிட் மட்டுமே அறிந்தவை. லினக்ஸ் விநியோகங்களில் ஒன்றான டெபியன் 13-இல் 32-பிட் கணினிகளுக்கான கெர்னலும் நிறுவியும் இல்லை. இப்போதைக்கு டெபியன் 12-இன் 32-பிட் பிம்பத்தைத் தனியாக வைத்து, நெட்வொர்க் கார்டின் தனி அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்து இவற்றுக்கு மட்டும் அதை அனுப்புகிறேன். இதே போன்ற கணினிகளை வைத்திருப்பவர்கள் அடுத்து எந்த விநியோகத்துக்கு மாறினீர்கள், 512 எம்.பி. ரேமில் அது எப்படி ஓடுகிறது என்பதை எழுதினால் உதவியாக இருக்கும்.