கிளெர்மோன்-ஃபெரானில் ஒரு சின்ன ஃபோக் குழுவைக் கேட்ட இரவு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஈரோட்டான்:

பேர் வாங்கிவிட்ட குழுக்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது இன்னும் யாருக்கும் தெரியாத மூன்று பேரைப் பற்றி. குழுவின் பேரைப் போடவில்லை. அவர்களிடம் கேட்காமல் போட எனக்கு மனசில்லை.

இரண்டு வருஷம் கிளெர்மோன்-ஃபெரானில் படித்தேன். பிரான்சின் நடுவில், அணைந்த எரிமலைகளின் ஓரத்தில் இருக்கிற ஊர். ஊர்ப் பெரிய கோயிலே எரிமலைக் கல்லில் கட்டியது, கரிபோல இருக்கும். மிஷெலின் டயரின் தலைமையகம் அங்கேதான். டிராம்கூட ரப்பர் சக்கரத்தில் ஓடுகிறது. பாரிஸுக்கு அதிவேக ரயில் கிடையாது, மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும். அந்தத் தூரம் அந்த ஊர்ப் பாட்டுக்காரர்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது என்பது என் எண்ணம். ஒருவர் பாட்டுக்கு இன்னொருவர் வந்து வாசிப்பது அங்கே சாதாரணம்.

மே முதல் தேதிச் சதுக்கத்தில் ‘கோப்பெராட்டிவ் த மே’ என்று ஓர் அரங்கம், 2000-ல் திறந்தது. பெரிய கூடத்தில் சுமார் 1,500 பேர் நிற்கலாம். சின்னக் கூடமும் உண்டு. நான் போனது சின்னதுக்கு, ஜனவரி மாதக் குளிரில். பெரிய குழு மேடை ஏறுவதற்கு முன்னால் இந்த மூவருக்கும் அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். கிட்டார், செலோ (வயலின் ஜாதியில் பெரிய வாத்தியம்), மூன்றாவது ஆளிடம் டிரம்முக்குப் பதில் ஒரு பழைய சூட்கேஸ். அதைக் குதிகாலால் உதைத்துத் தாளம் போட்டான். மூன்றாவது பாட்டில் கிட்டாரின் ஒலி நின்றுபோனது. பாடின பெண் நிறுத்தவில்லை. மைக்கை விட்டு மேடை விளிம்புக்கு வந்து வெறும் குரலில் பாடினாள். பீர் கிளாஸோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அடங்கிவிட்டார்கள். செலோ மட்டும் கீழே ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

முடிந்ததும் வெளியே ஒரு மேஜை. அதே பெண் உட்கார்ந்து சிடி உறை தைத்துக்கொண்டிருந்தாள். மடித்த அட்டை, சிவப்பு நூல். கூத்து ஃபோக் என்று அந்த ஊரில் பாட்டுக்காரர்களே சேர்ந்து நடத்திய ஒரு லேபிள், அதாவது ஆல்பம் வெளியிடுகிற நிறுவனம், இருந்தது. அவர்கள் உறைகளைக் கையால் தைத்துத்தான் வெளியிட்டார்கள். (அந்தப் பேருக்கும் நம் கூத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் கேட்டதும் சந்தோஷமாக இருந்தது.) இவள் அந்த வழி. நூல் அறுந்தது. நுனியை உதட்டில் நனைத்து, முறுக்கி, விளக்குக்கு நேராக ஊசியைப் பிடித்துக் கோத்தாள். எங்கள் அம்மா அச்சு அசல் இப்படித்தான் கோப்பார். எட்டு யூரோ கொடுத்து வாங்கினேன்.

உங்களில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எழுதுங்கள்.

வான்காரன், பரிஸ்:

தம்பி, ஊசி நூல் எண்டு வாசிச்ச உடனை எனக்கும் எழுதவேணும் போல இருந்தது. நான் வான் ஓடுறனான். முந்தின மாரி காலத்திலை உப்பிடி ஒரு குழுவை நாலு நாள் ஏத்தி இறக்கினன். கிளெர்மோனிலை தொடங்கி லிமோஜ், புவாத்தியே, கடைசியா நான்த். எல்லாரும் இருபத்தஞ்சு வயசுக்குள்ளை.

பின்சீற்றிலை இருந்த பிள்ளை வழி முழுக்க ஒரு கொப்பியிலை கணக்கு எழுதிக்கொண்டு வந்தது. என்ன பிள்ளை கணக்கு எண்டு கேட்டன். இஞ்சை மேடைக் கலைஞர் நிகழ்ச்சி இல்லாத நாளுக்குக் கொடுப்பனவு எடுக்கவேணுமெண்டால் 12 மாதத்துக்குள்ளை 507 மணித்தியாலம் வேலை காட்டவேணும். ஒரு மேடைக்கு ஒரு ‘கஷே’ எண்டு சம்பளம் குடுத்தால் அது 12 மணித்தியாலம் எண்டு கணக்கு. அப்ப 43 மேடை. அந்தப் பிள்ளை 38-இலை நிண்டது. தேதி முடிய ஆறு கிழமை. பாரிலை வாசிச்சுத் தொப்பியிலை சேர்க்கிற காசு இதுக்குள்ளை வராது. சம்பளச் சீட்டு வேணும். பாட்டு எழுதுற பிள்ளை இப்பிடிக் கூட்டிக் கழிச்சுக்கொண்டு இருக்கிறதைக் கண்ணாடியிலை பாக்க எனக்கு நெஞ்சு கனத்தது.

லிமோஜிலை நல்ல குளிர். செலோவை வானுக்குள்ளை விட ஏலாது, மரம் வெடிச்சுப்போகும். அறையோ சின்ன அறை. செலோவைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலை சாத்திப்போட்டு அந்தப் பெடியன் வாசலடியிலை படுத்தான். காலமை மனுசி கட்டித் தந்த ரோல்ஸைக் குடுத்தன். உறைக்குது எண்டு சொல்லிச் சொல்லி முழுக்க முடிச்சிட்டினம்.

வில்லியனூர்:

ஐயா, அந்தப் பெண்ணுக்கு மீதி ஐந்து மேடையும் கிடைத்ததா? தெரிந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

நான் புதுச்சேரியில் பிறந்தவள். கிளெர்மோனில் ஒரு லிசேயில் (மேல்நிலைப் பள்ளி) பாடம் நடத்தினேன். ‘கோகூன்’ என்ற இருவர் பாட்டுக் குழு அந்த ஊரில் உருவானதுதான்: மார்க் தொமாய், மோர்கான் அம்போ. முதல் ஆல்பம் 2007-ல் வந்தது, பாட்டெல்லாம் ஆங்கிலத்தில். அதற்கப்புறம் என் வகுப்பில் கிட்டார் வைத்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். எனக்கு அது உறுத்தும். பிரெஞ்சு வானொலிகளுக்கு 1996-லிருந்து ஒரு கட்டாயம் உண்டு, பாட்டுகளில் 40 சதவீதம் பிரெஞ்சில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பாடும் பிரெஞ்சுக் குழு அந்தக் கணக்கில் சேராது. வளரும் குழுவுக்கு அது பெரிய கதவு அடைபட்ட மாதிரி.

ஒரு மாணவியிடம், பிரெஞ்சில் எழுதிப் பாடிய ஜான்-லூயி முராவைக் கேட்கச் சொன்னேன். கிளெர்மோன் இருக்கிற அதே ஒவெர்ன் மண்ணின் மனிதர், 2023 மே மாதம் காலமானார். 2014-ல் கிளெர்மோனின் தெலானோ ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவோடு சேர்ந்து 20 பாட்டுள்ள இரட்டை ஆல்பம் போட்டார். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களின் பேர்கள் அந்தப் பாட்டுகளில் வந்துகொண்டே இருக்கும். மூன்று வாரம் கழித்து, வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் தங்கினாள். பாட்டியின் மாட்டுக் கொட்டிலைப் பற்றி ஒரு பாட்டு, பிரெஞ்சில். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பாடினாள். பசுவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வரி வந்தபோது குரல் உடைந்தது. இரண்டு தரம் முதலிலிருந்து தொடங்கினாள்.

அவள் இப்போது ஒரு குழுவில் பாடுகிறாள் என்று கேள்வி.

வான்காரன், பரிஸ்:

கிடைச்சது தங்கச்சி. கடைசி மேடை ஒரு முதியோர் இல்லத்திலையாம், பின்னேரம் மூண்டு மணிக்கு. கொப்பியின்ரை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினது. 43-ஐச் சுத்தி வட்டம் போட்டிருக்கு.

ஈரோட்டான்:

அக்கா, நான் கேட்ட கடைசிப் பாட்டு பிரெஞ்சில்தான் இருந்தது. எனக்குப் புரிந்தது பாதிதான். ஆனால் நடுவில் ஒரு பேரை மூன்று தரம் கூப்பிட்டாள். ‘மார்கெரித்’ என்று என் காதில் விழுந்தது. உங்கள் மாணவியின் பசுவுக்கு அதுதான் பேரா?