இனுலின் மாவு உடல் எடையைக் குறைக்குமா?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):
சிக்கரி வேரிலிருந்து எடுக்கப்படும் இனுலின் மாவு, எடையைக் குறைக்கும் என்ற விளம்பரத்துடன் இங்குள்ள மருந்தகங்களில் விற்கப்படுகிறது. நான் அதை ஆதரிக்கிறேன். சிறுகுடலில் செரிக்காத இந்த நார் பெருங்குடலைச் சென்றடைந்து, அங்கு வாழும் பிஃபிடோபாக்டீரியா போன்ற நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. 1995இல் கிப்சனும் ராபர்ஃப்ராய்டும் பிரீபயாட்டிக் என்று பெயரிட்டது இத்தகைய உணவுக்குத்தான். விடிந்ததும் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குக் காய்கறி நறுக்க நேரம் ஏது? ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பது எளிது.

மலர் (ஜெலுத்தோங், பினாங்கு):
ஐயா, குடலைப் பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. எடையைப் பற்றிய விளம்பரத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்யும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. பியூட்டிரேட் பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். புரோப்பியோனேட்டோ, பசியைத் தணிக்கும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஹார்மோன்கள் சுரக்கத் தூண்டுகோலாகிறது. இவ்வளவும் உண்மையாக இருந்தும், மனிதர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில் காணப்பட்ட எடைக்குறைவு சிறியது. அதுவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுபடுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சிக்கரி இனுலினுக்கு 2015இல் ஏற்றுக்கொண்ட பயன், நாளொன்றுக்கு 12 கிராம் உட்கொண்டால் மலம் கழிப்பது சீராகும் என்பதே.

காலையில் ரொட்டி சானாயும் இனிப்பான தே தாரிக் தேநீரும், இரவில் குழம்புகள் குளமாக நிற்கும் நாசி கண்டார் சோறும் அப்படியே இருக்க, இடையில் ஒரு கரண்டி மாவு என்ன செய்துவிடும்? அதே நாசி கண்டார் கடையில் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி, முழு வெண்டைக்காயை நாலைந்தாகக் கேட்டு வாங்கினால், மென்று தின்னவும் நேரமாகும், வயிறும் நிறையும்.

செந்தூல்வாசி:
சகோதரி, உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தைப் பரிந்துரைக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த அளவை எட்டுகிறோம்? 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். பற்றாக்குறையில் ஒரு பங்கையாவது மாவு ஈடுகட்டட்டுமே.

பங்சார் வாசகர் (கோலாலம்பூர்):
நீங்கள் இருவரும் என்னைப் போன்றவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எரிச்சல் குடல் நோய் உள்ள எனக்கு, வெங்காயமும் பூண்டும் மிகுந்த சாம்பாரே வயிற்றை உப்ப வைத்துவிடும். இனுலினும் அவற்றில் உள்ள அதே ஃபிரக்டான் என்ற நார்க் குடும்பத்தைச் சேர்ந்தது. மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறையில் இத்தகைய உணவுகளைச் சில வாரங்கள் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தாங்கும் அளவைக் கண்டறிவார்கள். எல்லாருக்கும் ஒரே மாவு என்று பரிந்துரைப்பது தவறு.

மலர்:
பங்சார் நண்பரின் எச்சரிக்கை மிகவும் தேவையானது. செந்தூல் ஐயாவுக்கு என் பதில் இது: மாவில் இருப்பது ஒரே வகை நார். கொண்டைக்கடலையிலும் பருப்பிலும் உள்ள ஒலிகோசாக்கரைடுகள் என்ற குறுஞ்சர்க்கரைத் தொடர்கள், வாழைக்காயிலும் வடித்து ஆறவைத்த சோற்றிலும் உள்ள செரிக்காத மாவுச்சத்து, சின்ன வெங்காயத்தின் ஃபிரக்டான் என்று பலவும் சேர்ந்து வரும்போதுதான் பல்வேறு நுண்ணுயிர்களுக்கும் இரை கிடைக்கிறது. எடையைப் பொறுத்தவரை இன்னும் முக்கியமானது, தட்டில் அவை பிடிக்கும் இடம். சுகாதார அமைச்சின் சுக்கு-சுக்கு-செபாரோ (மலாயில் கால்-கால்-பாதி) முறைப்படி பாதித் தட்டில் காய்கறியும் பழமும், கால் தட்டில் மீனோ இறைச்சியோ இருந்தால், சோற்றுக்குக் கால் தட்டுதான் மிஞ்சும். தண்ணீரில் கலக்கிய மாவு எதன் இடத்தையும் பிடிப்பதில்லை.

அப்படியும் மாவுதான் வேண்டுமென்றால், அரைத் தேக்கரண்டியில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்பது அவசியம்.