சிஏஎஸ் பதவி உயர்வு மென்பொருள்: திருப்பி அனுப்பினால் விண்ணப்பத் தேதி மாறிவிடுகிறது. பயிற்சியில் இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நெல்லித்தோப்பு:

வணக்கம். புதுச்சேரியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பணியமைப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். ஆசிரியர்களின் சிஏஎஸ் (குறிப்பிட்ட பணிக்காலமும் தகுதிகளும் நிறைந்தால் அடுத்த நிலைக்கு உயர்த்தும் திட்டம்) பதவி உயர்வு இதுவரை முழுக்கக் காகிதக் கோப்பில்தான் நடந்தது. இந்த ஆண்டிலிருந்து மென்பொருளுக்கு மாறுகிறோம். துறை அலுவலகங்கள், ஐக்யூஏசி (உள் தர உறுதிப் பிரிவு), பதிவாளர் அலுவலகம் என எல்லா இடத்து அலுவலர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. மென்பொருள் நிறுவனத்தார் வந்து ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு கோப்பை முழுதாக ஓட்டிப் பார்க்கும்போதுதான் சிக்கல்கள் வருகின்றன.

முதலாவதுதான் பெரியது. பயிற்சி லாகினில் ஒரு மாதிரிக் கோப்பு போட்டேன். பிஎச்டி முடித்த உதவிப் பேராசிரியர், 10-08-2020 அன்று நிலை 10-இல் (உதவிப் பேராசிரியரின் தொடக்க ஊதிய நிலை) சேர்ந்தவர். நான்கு ஆண்டு முடிந்து 10-08-2024 அன்று நிலை 11-க்குத் தகுதி. 22-07-2024 அன்று விண்ணப்பித்ததாகப் பதிவு செய்தேன். துறை அலுவலகம் சரிபார்க்கும்போது ஒரு சான்றிதழின் இரண்டாம் பக்கம் இல்லை. "திருப்பி அனுப்பு" பொத்தானை அழுத்தியாயிற்று. ஆசிரியர் பக்கத்தைச் சேர்த்து 02-09-2024 அன்று மறுபடி அனுப்பினார். இப்போது "விண்ணப்பித்த தேதி" என்ற கட்டத்தில் 02-09-2024 என்றிருக்கிறது. மென்பொருள் தானாகத் தயாரிக்கும் ஆணை வரைவிலும் பதவி உயர்வு அதே நாளிலிருந்துதான்.

இரண்டாவது, எக்செலிலிருந்து ஏற்றிய பணியில் சேர்ந்த தேதிகளில் சில மாறிக் கிடக்கின்றன. மூன்றாவது, மகப்பேறு விடுப்பில் இருந்த ஆசிரியைக்கு அந்த ஆண்டில் "திருப்தியில்லை" என்று தரம் காட்டுகிறது.

இதையெல்லாம் பயிற்சிக்கு வருபவர்களிடம் எப்படிச் சொல்வது? விதி தெரிந்த மூத்தவர்கள் மவுஸைத் தொடத் தயங்குகிறார்கள். கணினியில் கை ஓடுகிற இளையவர்களுக்கு விதி தெரியாது. இந்த மாற்றத்தைக் கடந்து வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கடலூர் முதுநகர்:

சார், அந்தத் தேதி விஷயத்தைச் சரி செய்யாமல் நிஜக் கோப்பு ஒன்றையும் உள்ளே விடாதீர்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறை தெளிவாகவே சொல்கிறது. குறைந்தபட்சப் பணிக்காலம் முடியும்போது விண்ணப்பித்துத் தேறியவருக்குத் தகுதி பெற்ற நாளிலிருந்தே பதவி உயர்வு. தகுதி நாளுக்கு மூன்று மாதம் முன்னாலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். தாமதமாகத் தகுதிகளை நிறைவு செய்து விண்ணப்பித்தால் விண்ணப்பித்த தேதியிலிருந்து. முதல் மதிப்பீட்டில் தேறாதவரை ஓராண்டு கழித்துத்தான் மறுபடி மதிப்பிடலாம்; அப்போது தேறினால், நிராகரித்த தேதிக்கு ஓராண்டு கழித்து வரும் நாளிலிருந்து. உங்கள் மென்பொருள் முதல் வகையில் வருபவரை இரண்டாம் வகையில் தள்ளுகிறது.

23 நாள் சம்பள வித்தியாசம்தானே என்று யாரும் நினைக்கக் கூடாது. நிலை 11-இலிருந்து 12-க்கு ஐந்து ஆண்டு, 12-இலிருந்து இணைப் பேராசிரியர் நிலையான 13ஏ-வுக்கு மூன்று ஆண்டு, அங்கிருந்து பேராசிரியர் நிலைக்கு இன்னும் மூன்று ஆண்டு. இங்கே தள்ளிப்போன தேதி அத்தனை படியிலும் கூடவே வரும். ஒரு தாளுக்காக அவருடைய பணிமூப்பே நகர்ந்துவிடும்.

உங்கள் மென்பொருளில் "வரலாறு" அல்லது "செயல்பாட்டுப் பதிவு" என்று ஒரு பக்கம் இருக்கிறதா? முதல் தேதி அதில் இருந்தால், ஆணை வரைவு அதைத்தான் எடுக்க வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். போனில் சொன்னால் நிற்காது. அதுவரை, விண்ணப்பம் வந்தவுடன் ஒப்புகைச் சீட்டைப் பிடிஎஃப்பாக எடுத்துத் தபால் பதிவேட்டில் எண் போட்டு வையுங்கள். அப்புறம், தாள் குறைந்தால் திருப்பி அனுப்பத் தேவையில்லை. "விளக்கம் கேள்" என்ற வசதி இருந்தால் கோப்பு உங்களிடமே இருக்க, தாள் மட்டும் வந்து சேரும்.

நெல்லித்தோப்பு:

பார்த்துவிட்டேன் சார். வரலாற்றுப் பக்கத்தில் 22-07-2024 அப்படியே இருக்கிறது. ஆணை வரைவுதான் கடைசித் தேதியை எடுக்கிறது. "விளக்கம் கேள்" வசதியும் இருக்கிறது. ஆனால் அது ஐக்யூஏசி லாகினில் மட்டும் தெரிகிறது, துறை அலுவலகத்துக்குத் திறக்கவில்லை. அதைத் திறந்துவிடக் கேட்டு இன்றே எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினம்:

எக்செல் தேதிக்கு நான் சொல்கிறேன், எங்கள் அலுவலகத்திலும் இதே கதைதான். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் எக்செல் முதலில் மாதத்தைத்தான் பார்க்கும். 05-08-2019 என்று நாம் ஆகஸ்ட் 5-ஐத் தட்டினால் அது மே 8 என்று எடுத்துக்கொள்ளும். 23-08-2019 என்று தட்டினால் 23-ஆம் மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும்.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது, பயிற்சியில் அவசியம் காட்டுங்கள். கோப்பை ஏற்றும்போது பிழைப் பட்டியலில் வருவது இந்த 23 வகை மட்டும்தான். அலுவலர்கள் அதைத் திருத்திவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் பிழை காட்டிய தேதிகளில் நாளும் மாதமும் சரியாகத்தான் இருக்கும். பிழை காட்டாமல் உள்ளே போன 1 முதல் 12 வரையான நாட்கள்தான் தலைகீழாகக் கிடக்கும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பவை மட்டும் தப்பும்.

முதலில் எல்லாக் கணினியிலும் வட்டார அமைப்பை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே தட்டியதை அது திருத்தாது, இனி தட்டுவதற்குத்தான் உதவும். பழையதைக் கண்டுபிடிக்க, மாதத்தை எழுத்தில் காட்டும் வடிவத்துக்குத் தேதி நெடுவரிசையை மாற்றுங்கள். அப்புறம் ஒருவர் பணிப்பதிவேட்டைத் திறந்து உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, பெயர். பல மென்பொருள்களில் குடும்பப் பெயர்க் கட்டம் கட்டாயமாக இருக்கும். நம் ஊரில் ஒருவர் முன்னெழுத்தைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாகப் போடுவார். ஒரே முறையை முடிவு செய்து எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆசிரியருக்கு இரண்டு பதிவு உருவாகும்.

பாகூர் பேராசிரியை:

மகப்பேறு விடுப்பு விஷயத்தைத் தேதிச் சிக்கலுக்கு அடுத்தபடியாக வைக்காதீர்கள், சார். அதுவும் அதே அளவு பெரியதுதான்.

2018 விதிமுறையின் அட்டவணை 1-இல், ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தால் நன்று, 70 முதல் 80-க்குள் திருப்தி, 70-க்குக் கீழே போனால் திருப்தியில்லை. அதன் கீழேயே ஒரு குறிப்பு இருக்கிறது. மகப்பேறு விடுப்பு, குழந்தை வளர்ப்பு விடுப்பு, படிப்பு விடுப்பு, மருத்துவ விடுப்பு போன்றவற்றில் இருந்த காலத்தைத் தர மதிப்பீட்டிலிருந்து விலக்க வேண்டும். மீதிக் காலத்தை மதிப்பிட்டு அதையே மொத்தக் காலத்துக்கும் விரித்துக் கொள்ள வேண்டும். விடுப்பில் இருந்ததால் பதவி உயர்வில் பாதகம் வரக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

கணக்காகப் பாருங்கள். வாரம் 16 மணி நேரம், 15 வாரம் என்றால் ஒரு பருவத்துக்கு 240 மணி. முதல் பருவத்தில் ஒருவர் 204 மணி எடுத்திருக்கிறார். இரண்டாம் பருவம் முழுக்க மகப்பேறு விடுப்பு. விதிப்படி 240-க்கு 204, அதாவது 85 சதவீதம், நன்று. மென்பொருள் ஆண்டு முழுவதற்கும் 480 என்று வைத்து வகுத்தால் 42.5 சதவீதம், திருப்தியில்லை. பாடம் நடத்தியதில் ஒரு குறையும் இல்லாதவர், குழந்தை பெற்றதற்காகத் தரம் இறங்குகிறார்.

இதைச் சரிபார்க்கிற உதவியாளருக்கு அந்தக் குறிப்பு தெரியாவிட்டால், திரையில் சிவப்பில் வருவதை அப்படியே நம்பி மேலே அனுப்பிவிடுவார். ஆசிரியையும் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்துவிடலாம். அதனால் இந்த ஒரு கணக்கை எல்லோரும் காகிதத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்த பிறகு திரைக்குப் போகச் சொல்லுங்கள். விடுப்புக் காலத்தை உள்ளிடத் தனிக் கட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல சமயம் கட்டம் இருக்கும், நிரப்பாமல் விட்டிருப்பார்கள்.

நெல்லித்தோப்பு:

கட்டம் இருக்கிறது மேடம், இரண்டாவது திரையின் அடியில். அதில் நாட்களைப் போட்டதும் தரம் "நன்று" ஆகிவிட்டது. ஆனால் அது கட்டாயக் கட்டம் இல்லை, காலியாக விட்டாலும் அடுத்த திரைக்குப் போகிறது. விடுப்பு இல்லையென்றால் சுழியம் போட்டால்தான் நகரும் என்று வைக்கக் கேட்கப் போகிறேன். உங்கள் 204 கணக்கைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போடுகிறேன்.

காரைக்கால் கண்காணிப்பாளர்:

பயிற்சி எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு யாரும் வரவில்லையே. நான் சொல்கிறேன்.

கருத்தரங்கக் கூடம் வேண்டாம், கணினி ஆய்வகம் எடுங்கள். ஒரு கணினிக்கு இருவர். விதி தெரிந்த மூத்தவர் கையில் கோப்பு, இளையவர் கையில் மவுஸ். மூத்தவர் படித்துச் சொல்ல, இளையவர் உள்ளிட வேண்டும். கிணறு இறைக்கும்போது கயிற்றை இருவர் மாற்றி மாற்றிப் பிடிக்கிற மாதிரி, மதியத்துக்கு மேல் இடம் மாற்றி உட்கார வையுங்கள். மூத்தவர்களின் தயக்கம் அப்போதுதான் போகும்.

மாதிரிக் கோப்புக்குக் கற்பனைப் பெயர் போட்டு எளிதாகத் தயாரிக்காதீர்கள். ஆணை வெளியாகி முடிந்த பழைய கோப்பு ஒன்றை எடுத்து, பெயரையும் அடையாளங்களையும் மறைத்து, அதை முதலிலிருந்து கடைசி வரை ஓட்ட வையுங்கள். குறைந்த தாள், மங்கிய ஸ்கேன், பாதியில் வந்த விடுப்பு எல்லாம் அதில் இருக்கும். முடிவு ஏற்கெனவே தெரியும் என்பதால், திரை வேறு முடிவு காட்டினால் எந்த இடத்தில் விலகியது என்று தேட முடியும்.

வெளியூரிலிருந்து வருபவர்களை நினைத்து நேரம் வையுங்கள். காரைக்காலிலிருந்து சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் பேருந்தில் வருகிறவரால் ஒன்பதரைக்கு உட்கார முடியாது. அவர் தவறவிட்ட முதல் ஒரு மணி நேரத்தில்தான் நீங்கள் விண்ணப்பத் தேதியைப் பற்றிப் பேசியிருப்பீர்கள்.

பாஸ்வேர்டு பற்றியும் கண்டிப்பாகப் பேசுங்கள். துறைத் தலைவர் தன் பாஸ்வேர்டை உதவியாளரிடம் கொடுத்து "நீயே அழுத்திவிடு" என்பது பல இடங்களில் வழக்கம். காகிதத்தில் கையெழுத்து இருந்தது. இங்கே லாகின்தான் கையெழுத்து. நாளை வழக்கு வந்தால், ஒப்புதல் தந்தவர் யார் என்பதற்கு உதவியாளர் பதில் சொல்லிக் கொண்டிருப்பார். உதவியாளருக்குத் தனி லாகின், வரைவு தயாரிக்க மட்டும் அனுமதி என்று பிரித்துக் கொடுங்கள்.

தேவனாம்பட்டினம்:

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். புத்தாக்கப் பயிற்சிச் சான்றிதழில் பழையதில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ், நடுவில் மனிதவள மேம்பாட்டு மையம், இப்போது மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் என்று பெயர் இருக்கும். எல்லாம் ஒரே அமைப்பு. பட்டியலில் புதுப் பெயர் மட்டும் இருக்கிறது என்று பழைய சான்றிதழைத் தள்ளிவிடக் கூடாது. அதேபோல், ஆய்விதழ் கட்டத்தில் யுஜிசி கேர் பட்டியலிலிருந்து (ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த பட்டியல்) மட்டுமே தேர்வு செய்ய முடிகிறதா என்று பாருங்கள். 2025 பிப்ரவரியில் யுஜிசி அந்தப் பட்டியலை நிறுத்திவிட்டு, இதழ்களை மதிப்பிடும் வேலையை நிறுவனங்களிடமே விட்டது. புதிய கட்டுரைகளுக்கு அந்தக் கட்டம் பூட்டியே நிற்கும்.

நெல்லித்தோப்பு:

நிறுவனத்திடமிருந்து பதில் வந்துவிட்டது. முதல் விண்ணப்பத் தேதியைத் தனிக் கட்டமாகப் பூட்டி வைத்து, ஆணை வரைவு அதிலிருந்தே தேதி எடுக்கும்படி மாற்றித் தருகிறார்கள். "விளக்கம் கேள்" துறை லாகினுக்குத் திறந்தாயிற்று. விடுப்புக் கட்டத்தைக் கட்டாயமாக்குவது அடுத்த மாற்றத்தில்தான் வருமாம். அதுவரை துறைத் தலைவரின் சரிபார்ப்புத் தாளில் விடுப்புக்கு ஒரு வரி சேர்த்துவிட்டேன். பயிற்சியைப் பதினொரு மணிக்கு மாற்றியிருக்கிறேன். ஆய்வகமும் கிடைத்துவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம். மாற்றம் வந்த பிறகு அது சரியாக வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

கடலூர் முதுநகர்:

பயிற்சி லாகினில் அதே 10-08-2020 கோப்பைப் புதிதாகப் போட்டு, துறை நிலையில் ஒரு முறை, ஐக்யூஏசி நிலையில் ஒரு முறை என்று இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்பிப் பாருங்கள். சில மென்பொருள்களில் ஒரு நிலையில் திருத்துவார்கள், அடுத்த நிலையில் பழையபடியே இருக்கும். இரண்டிலும் ஆணை வரைவில் 10-08-2024 வந்தால், அந்த வரைவை அச்செடுத்துப் பதிவாளரிடம் காட்டிக் கோப்பில் சேர்த்துவிட்டு நிஜ விண்ணப்பங்களைத் திறந்துவிடலாம்.