மறு: டைகாஸ்ட் ஸ்கேல் மாடல் – 'உலோகச் சிற்றுரு' எனலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம். உருக்கிய உலோகத்தை அச்சில் செலுத்திச் செய்யும் சின்னக் கார்களுக்கு, அதாவது டைகாஸ்ட் ஸ்கேல் மாடலுக்கு, தமிழ்ப் பெயர் தேடும் இழை இது. அன்பர்கள் எழுதியவற்றை மேற்கோளாகத் தந்து பதில் சொல்கிறேன்.

> டைகாஸ்டிங்குக்கு 'அச்சு வார்ப்பு' என்ற சொல் பொறியியல் நூல்களில் ஏற்கெனவே உண்டு. அதோடு 'மாதிரி'யைச் சேர்த்து 'அச்சு வார்ப்பு மாதிரி' என்று வைத்துவிடலாம்.

ஐயா, வார்ப்படத் தொழிலுக்கு 'அச்சு வார்ப்பு' பொருத்தமான சொல்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இங்கே நாம் பெயர் தேடுவது ஒரு காருக்கு. காரில் அச்சு என்றாலே சக்கரங்களைக் கோக்கும் தண்டுதான் நினைவுக்கு வரும், சின்னக் காரிலும் அந்தத் தண்டு இருக்கிறது. போதாக்குறைக்கு, ஹூண்டாயின் சாய்ந்த 'எச்' சின்னத்தையும் எண்பலகையையும் சிலிக்கோன் திண்டால் ஒற்றி எடுக்கிறார்கள், அதுவும் அச்சுதான். "அச்சு சற்றுக் கோணல்" என்று ஒருவர் விற்பனைக் குறிப்பில் எழுதினால், வாங்குபவர் எந்த அச்சை நினைப்பார்?

'மாதிரி'யிலும் இதே சிக்கல். சேகரிப்பவர்கள் நாள்தோறும் சொல்வது "2019 மாடல் சொனாட்டாவோட மாடல்". சொனாட்டா ஹூண்டாயின் செடான் கார்; முதல் மாடல் அது வந்த ஆண்டைச் சொல்கிறது, இரண்டாவது சின்ன வண்டியை. இரண்டு மாடலையும் மாதிரி ஆக்கினால் வாக்கியமே நிற்காது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1999 முதல் உருவான ஆக்சென்ட் காரைப் பற்றி எழுதினாலும் இதே கதைதான்.

வேறு இரண்டு சொற்களும் இந்த இழையில் வந்தன. 'வார்ப்புரு' காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் அது டெம்ப்ளேட்டுக்கு நிலைத்துவிட்டது, இனி அதைப் பிடுங்க முடியாது. 'அளவுரு'வைக் கணிதமும் கணினியும் பாராமீட்டருக்கு எடுத்துக்கொண்டன. இரண்டையும் விட்டுவிடுவோம்.

என் பரிந்துரை 'சிற்றுரு'. சிறு + உரு. சிற்றூர், சிற்றுண்டி போல இயல்பான புணர்ச்சி. கப்பல், ரயில் எஞ்சின், விமானம் என எதற்கும் பொருந்தும். டைகாஸ்டைக் குறிக்க முன்னால் 'உலோக' சேர்த்தால் 'உலோகச் சிற்றுரு'.

> 'வார்ப்பு' என்ற சொல்லை விடலாமா? செய்முறைதானே இதன் அடையாளம்?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். ரெசின் சிற்றுருவும் வார்ப்புதான். சிலிக்கோன் கருவில் (வார்ப்பு அச்சில்) பிசினை ஊற்றி இறுக வைக்கிறார்கள். ஆகவே 'வார்ப்புச் சிற்றுரு' என்றால் இரண்டும் அதற்குள் வந்துவிடும். சேகரிப்பவர் முதலில் கேட்பது "மெட்டலா, ரெசினா?" என்பதுதான். பெரும்பாலான ரெசின் வண்டிகளில் கதவு திறக்காது, கையில் எடுத்தால் லேசாக இருக்கும், சிலிக்கோன் கரு சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் கொஞ்சம் எண்ணிக்கையில்தான் வரும். உலோக வண்டி துத்தநாகக் கலவையில் ஆனது. துத்தநாகத்தோடு சுமார் 4 விழுக்காடு அலுமினியம், சிறிது செம்பு, மக்னீசியம். உருக்கிய கலவையை அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். இந்தக் கலவையில் காரீயம் கலந்துவிட்டால் வண்டி ஆண்டுகள் போகப்போக வெடித்து உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பல பொம்மைகள் அப்படித்தான் அழிந்தன.

எஃகு அச்சு ஆயிரமாயிரம் வண்டிகளுக்குத் தாங்கும், ஆனால் செய்யப் பெருந்தொகை ஆகும். நிறைய விற்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அச்சு வெட்டுவார்கள். ஃபெராரிக்கும் போர்ஷேக்கும் அந்த நம்பிக்கை எளிதில் கிடைக்கிறது. ஹூண்டாயின் சொனாட்டாவுக்கும் கிராண்டருக்கும் கிடைப்பதில்லை. கொரிய செடான்களைத் தேடுபவர்கள் கொரியாவின் பினோ நிறுவனம் செய்யும் 1:38 (நிஜக் காரின் நீளத்தில் 38இல் ஒரு பங்கு) வண்டிகளையும், சீனக் கூட்டு நிறுவனங்களின் விற்பனையகங்கள் வழியாக வந்த 1:18 வண்டிகளையும் நம்பியிருப்பது இதனால்தான். அந்த 1:18களில் கதவு, பானெட், டிக்கி எல்லாம் திறக்கும். இவ்வளவு உழைப்பு இருந்தும் பெரிய தயாரிப்பாளர்களின் பட்டியல்களில் கொரிய செடான்கள் அரிதாகவே தென்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

> 1:38 என்றால் 38 மடங்கு சிறியது என்று விளக்கம் கொடுக்கலாம்.

நீளத்துக்கு மட்டும் அது சரி. 2019இல் வந்த சொனாட்டாவின் நீளம் 4,900 மி.மீ. அது 1:18இல் 272 மி.மீ., 1:38இல் 129 மி.மீ., 1:64இல் 77 மி.மீ. ஆகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் எடையை 38 × 38 × 38ஆல் வகுக்க வேண்டும், அதாவது 54,872ஆல். வண்டி ஒன்றரை டன் என்று வைத்துக்கொண்டால் 27 கிராம்தான் வர வேண்டும். ஆனால் கையில் எடுத்தால் பல மடங்கு கனக்கும். நிஜக் காரின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை 38இல் ஒன்றாக்கினால் தாளைவிட மெல்லியதாகிவிடும், அப்படி வார்க்க முடியாது. அதனால் சுவர் தடிக்கிறது, உள்ளிருக்கை ஒடுங்குகிறது, எடை கூடுகிறது. அந்தக் கனத்தை விரும்பித்தான் உலோக வண்டியை வாங்குகிறோம். பெயரில் 'உலோக' இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது அதற்காகத்தான்.

கூர்மையும் இதோடு சேர்ந்ததுதான். 1986இல் வந்த முதல் கிராண்டரைக் கொரியர்கள் இன்றும் 'கோண கிராண்டர்' என்ற பொருளில் செல்லமாக அழைக்கிறார்கள், அவ்வளவு சதுரமான உடல். அதைச் சிறிதாக்கி, 0.1 மி.மீ. வண்ணம் அடித்தால் போதும், 1:38 கணக்கில் அது நிஜ வண்டியில் கிட்டத்தட்ட 4 மி.மீ. பூச்சுக்குச் சமம். மூலைகள் மழுங்கிப்போகும். கதவிடுக்கும் அப்படியே: 1:18இல் அரை மில்லிமீட்டர் இடைவெளி என்பது நிஜக் காரில் 9 மி.மீ. பிளவு. 2019 சொனாட்டாவில் பானெட் ஓரமாக ஓடும் குரோம் கோடு முன்விளக்கை நெருங்கும்போது ஒளிக்கோடாக மாறும், அணைந்திருக்கும்போது வெறும் குரோமாகத்தான் தெரியும். சிற்றுருவில் அந்த ஒரு கோட்டை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே செய்தவரின் அக்கறை தெரிந்துவிடும்.

அளவையைச் சொல்லும்போது "முப்பத்தெட்டில் ஒன்று", "பதினெட்டில் ஒன்று" என்று வாசிக்கலாம். எழுத்தில் '1:18 உலோகச் சிற்றுரு'. ஸ்கேலுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'அளவை', இலங்கையில் 'அளவுத்திட்டம்'. பெயருக்குள் இவற்றில் எதையும் நுழைக்காமல் விட்டால் இரு பக்கத்தாருக்கும் தொல்லையில்லை.

> பொம்மைக் கார் என்றால் குழந்தைக்குக்கூடப் புரியுமே!

புரியும் அம்மா. வீட்டில் அப்படியே சொல்லலாம். 1:38 வண்டிகளில் பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் விசை இருப்பதால் அவை பொம்மையும்தான். ஆனால் காட்சிப் பெட்டியில் வைக்கும் 1:18 ஜெனிசிஸ் காரை விற்பனைக் குறிப்பிலோ சுங்கத் தாளிலோ பொம்மை என்று எழுதினால் பொருள் மாறிவிடும். அந்த இடத்துக்கு ஒரு கலைச்சொல் வேண்டும்.

செடானுக்கு 'முப்பெட்டிச் சீருந்து' என்று ஒருவர் எழுதியிருந்தார். செடான் தமிழில் கலந்துவிட்டது, இருக்கட்டும்.

துணைச்சொற்களாக நான் முன்வைப்பவை: ஷட் லைனுக்குக் கதவிடுக்கு, சிலிக்கோன் திண்டால் ஒற்றும் டாம்போவுக்குத் திண்டச்சு, ரெசின் மாடலுக்குப் பிசின் சிற்றுரு, புல்-பேக்குக்குப் பின்னிழுவிசை. கடைசிச் சொல் எனக்கே முழு நிறைவாக இல்லை. வார்ப்படத் துறையில் இருந்த ஐயா அதற்கு வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், பிறகு மொத்தமாகப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.